கழற்றிப்போட்ட இரண்டு கம்பிகள்

"…சும்மா சக்கரத்தச் சுத்தவுட்டுக்கினு இன்னாத்த வேடிக்க பாத்துக்கினு கீற நைனா? பாட்டப் போடு, கேக்கலாம்" என்றார் எங்கள் கிதார்க்காரர்.

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் காலையில் வாசித்த பாட்டேதான். தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். டேப் ரிக்கார்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கேட்கவில்லை. டேப்பைப் போட்ட ரேடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாடகனைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் வேலை கிடையாது. அவ்வளவு அமைதியான இடத்தில் நாங்கள் நாலு பேரும் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. காக்களூர்ப் பக்கம் ஒன்றிரண்டாகப் பட்டறைகள் வந்துகொண்டிருந்த காலம். தகரக் கொட்டகை, அதற்குள் வரிசையாக பவர் பிரஸ்கள். டப்பா மூடிகள் அடிக்கிற இடம். கிதார்க்காரர் பிரஸ்ஸில், நான் துளை போடுகிற மெஷினில். உள்ளே ஒருவர் காதோடு இன்னொருவர் கத்தினாலும் பயன் இல்லை. அதனால் எல்லாமே கை ஜாடைதான். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. தலையில் கை வைத்தால் தொப்பிக்கார மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். விரலை வட்டமாகச் சுற்றினால் மெஷின் ஓடுகிறது, கிட்டே வராதே. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. "நம்ம பட்டறையில வாயி சோறு துன்ன மட்டுந்தாம்பா" என்பார் கிதார்க்காரர். யார் எதைச் சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அவர் சொன்னவைதான் நிறைய சேர்ந்திருக்கின்றன.

நாங்கள் மூன்று பேர் ஒரு செட்டு. அவர் கிதார், நான் டிரம். பாடகன் கும்மிடிப்பூண்டிக்கு அந்தாண்டை, பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. படகிலிருந்து படகுக்குக் காற்றை எதிர்த்துக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது, மைக் தேவைப்படாது. மூர் மார்க்கெட்டில் உறை கிழிந்த வெள்ளைக்கார இசைத்தட்டுகளை வாங்கிவந்து, திருவள்ளூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் கடையில் போட்டுக் கேட்போம். கிதார் அலறும், டிரம் இடிக்கும், ஒரு வார்த்தை புரியாது. அந்த மாதிரி மெட்டை நாங்களே கட்டி, கடம்பத்தூரில் நிற்காமல் போன ரயிலைப் பற்றித் தமிழில் பாடினோம். ஆம்ப்ளிஃபையரும் பெரிய மர ஸ்பீக்கர் பாக்ஸும் ரேடியோக்காரர் கைவேலை. முதல் டேப்பையும் அவர்தான் பிடித்தார்.

அந்த முதல் டேப்பில் கிதார் எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணாடி வளையல் கூடையைப் படிக்கட்டில் கொட்டிவிட்ட மாதிரி. எல்லாம் உச்சியில், எல்லாம் வேகத்தில். பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார். "பல்லு கூசுதுப்பா. ஆனா நல்லாக்கீது, நிறுத்தாத" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாசிப்பு மாறியது. ஒருநாள் கிதாரிலிருந்து மெல்லிய கம்பிகள் இரண்டையும் கழற்றிப்போட்டார். "அது கொசு மேரி. கீதா இல்லியான்னே தெர்ல. எதுக்கு அது?" மீதிக் கம்பிகளைத் தளர்த்தினார். பாட்டெல்லாம் இறங்கிற்று, நிதானமாயிற்று, கனத்தது. ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழை முழுக்கத் திருப்பிவைத்து, பாக்ஸ்மேல் ஏறி உட்கார்ந்து, கிதாரின் கட்டையில் தாடையை அழுத்திக்கொண்டு வாசிப்பார். டீக்கடைக்காரர், "இன்னாபா இது? கல்லு லாரி ரிவர்ஸ்ல வர்ற மேரி கீது" என்றார். ஆனால் பட்டறைப் பையன்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. "அண்ணன் வாசிக்கச்சொல்ல வயித்துல கேக்குது" என்றான் ஒருவன். ரேடியோக்காரர், "பாரின்லயும் இப்ப இப்பிடித்தான் போய்க்கினு கீறாங்க" என்றார். அவர் சொன்னால் எங்களுக்கு அப்பீல் இல்லை. அரக்கோணத்தில் ஒரு கிதார்க்காரப் பையன் தானும் இரண்டு கம்பியைக் கழற்றிவிட்டான் என்று கேள்விப்பட்டுப் பெருமையாக இருந்தது.

மேடையிலும் பட்டறை ஜாடைதான் எங்களுக்கு. தலையில் கை வைத்தால் பல்லவிக்குப் போ. கையைக் கவிழ்த்தால் முடி. அதனால் எங்களோடு இருக்கும்போது அவருக்கு ஒரு குறையும் தெரியாது. வீட்டில் ஏது ஜாடை? அவர் மனைவி ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊட்ல எத்தினி தபா கூப்ட்டாலும் ஏன்னு கேக்கறதில்ல. உங்ககூட மட்டும் நல்லா பேசறாராமே?" "கண்ணாலம் ஆனவனுக்கு அந்தக் காது அப்பிடித்தான் அண்ணி" என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் ஒரு திருவிழாவில் எங்களைக் கேட்டார். "இந்தச் சத்தம் எங்ககிட்ட யார்கிட்டயும் இல்லை" என்றார். புதுசாக ஒரு டேப் பிடித்து வியாழக்கிழமை கொண்டுவரச் சொன்னார். பிடித்திருந்தால் அதைத் தட்டாகப் போடுவார்கள். கிதார்க்காரரை ஸ்டுடியோவிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே மெட்டுப் போடுகிறவர் ஒருமுறை முனகிக் காட்டுவார், கேட்டு அப்படியே வாசிக்க வேண்டும். "ப்பூ, இவ்ளோதானா?" என்றார் கிதார்க்காரர். பிரஸ்ஸை விட்டுத் தொலைய அவருக்கு அதைவிட்டால் வேறு வழி இருக்கவில்லை. "பேஜாரு புடிச்ச மெஷினு. பத்து வருசமா மண்டக்குள்ள குத்திக்கினே கீது" என்று புலம்பி, நின்றுவிடப்போவதாக மேஸ்திரியிடம் பாதி சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்த டேப்பைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையிலேயே பிடித்தோம். நன்றாக வந்திருந்தது. பாக்ஸைக் கழற்றிக் கட்டிவிட்டு, ரிக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரிலேயே ரேடியோக்காரர் போட்டுக் காட்டினார். அப்போதுதான் இவர் பாட்டைப் போடச் சொன்னது.

என் கை தானாக எழுந்து, விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டியது. ஓடுகிறது.

"ஓடுதா?" என்றார்.

சக்கரத்தைப் பார்த்தார். பாடகனைப் பார்த்தார், அவனுக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது. மெதுவாகக் கையை நீட்டி ரிக்கார்டரின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறு கை தொடையில் தாளம் போட்டது. சரியாகத்தான் போட்டது.

"டிரம்மு நல்லா வுழுந்துகீது" என்றார் என்னிடம்.

பாடகன் அவர் முன்னால் வந்து மண்டியிட்டு, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னான். "வியாழக்கெழம போலாம்ணா. நா பக்கத்துலயே நிக்கிறேன். அவங்க சொல்றதெல்லாம் கையாலயே காட்டிர்றேன்."

அவர் அந்த உதடுகளைக் கடைசி வரை பார்த்தார்.

"அந்த மெட்டுக்காரன் ஒரு தபா முனகிக் காட்டுவான். அத எந்தக் கையில காட்டுவ நைனா?"

பாடகன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது.

கிதார்க்காரர் எழுந்தார். சுவர் ஓரம் இருந்த எண்ணெய்க் குடுவையை எடுத்துக்கொண்டு தன் பிரஸ்ஸிடம் போய், திங்கட்கிழமைக்காக அதன் மூட்டுகளில் ஒவ்வொன்றாக எண்ணெய் விட ஆரம்பித்தார்.