தகடு இறுக்கிய நாள்

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். கொதிக்கும் கரைசலைக் கடல்தண்ணீரால் ஆறவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் என் பொறுப்பு. எல்லாம் குழாய் வகை. பெரிய உருளைக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள். உள்ளே கடல்தண்ணீர், வெளியே கரைசல். இரண்டும் கலக்காமல் சூடு மட்டும் கைமாறும். சிப்பி ஒட்டி அடைத்துக்கொண்டால், கம்பி விட்டுக் குத்தி எடுக்க மூன்று நாளாகும்.

மெட்ராசிலிருந்து வந்த புது இன்ஜினியர் தகடு வகை ஒன்றை வரவழைத்தார். மெல்லிய தகடுகளை வரிசையாக அடுக்கி, இடையிடையே கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட் வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். ஒரு இடுக்கில் கரைசல் போகும், அடுத்த இடுக்கில் கடல்தண்ணீர். பார்த்ததுமே எனக்கு அது பிடிக்கவில்லை. அவரையும்தான்.

"சார், நம்ம கடல்தண்ணி இந்த இடுக்குல போனா ரெண்டே நாள்ல அடச்சிக்கிடும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"வலை பின்ற குடும்பம்தானே நீ? அந்த வேலையோட நிறுத்திக்கோ" என்றார்.

என் அப்பா வலை பின்னியவர்தான். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் தெரு.

இறுக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார். தகடுகளுக்கிடையே மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒழுகும். முடித்ததும் டேப் வைத்து அளந்தேன். கீழ்ப்பக்கம் விலகியிருந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சரியாக இருக்கிறது என்றேன். ஒழுகட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்பதுதான் நினைப்பு.

மறுநாள் காலை ஓட்டிப் பார்த்தார்கள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேஸ்கட் பிதுங்கி, கரைசல் அவர் முன்னங்கையில் பீய்ச்சி அடித்தது. ஓடிப்போய் வால்வை மூடியவன் நான்தான். தோல் வழன்று நின்றதைப் பார்த்தபோதும் எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

எங்கள் ஊர்க்காரரான ஃபோர்மேன் இடைவெளியை அளந்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, நேத்தே உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சேதான விட்ட?"

"ஆமா, அண்ணாச்சி."

கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்ததோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து டீ குடித்ததில்லை.

திரும்பி வந்தபோது அந்தத் தகடு எக்ஸ்சேஞ்சர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரும் வழியில் ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். தகடுகளை விலக்கிக் கழுவ அரை நாள் போதுமாயிருந்தது. என் கையாலேயே கழுவினேன். நல்ல சாமான் என்று ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்ஜினியரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் குடும்பத்தைச் சொன்ன பேச்சை அவரும் திரும்ப எடுக்கவில்லை. மாற்றலாகிப் போகும்வரை எனக்கு வேண்டிய உத்தரவையெல்லாம் இன்னொருவர் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார்.