அப்பாவின் காதுக்கு ஒரு கருவி

சங்கரன்கோவிலில் யாரும் வந்து வேலை செய்துகொள்ளும் பொதுப் பட்டறை அது. காது மங்கிப்போன அப்பாவைக் கூட்டிப்போய், மைக், ஒலியைப் பெருக்கும் சில்லு, பேட்டரி, ஹெட்போன் நான்கையும் சால்டர் செய்து ஒரு கருவியாக்கினேன். பக்கத்தில் பலகை அறுக்கும் இயந்திரம் தடதடத்ததும், என் சிறுவயதில் அப்பா வேலை பார்த்த விசைத்தறிக் கூடம் நினைவில் எழுந்தது. எண்ணெய் வாடைக்கும் பறக்கும் பஞ்சுக்கும் நடுவே அங்கே யாரும் கத்தமாட்டார்கள், உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். "காப்பி குடிச்சியாட்டி?" என்று அப்பா என்னிடம் ஓசையின்றிக் கேட்பார். அந்தத் தறிகள்தான் அவர் காதைத் தின்றன.

கருவியை மாட்டிவிட்டு, "கேக்குதாப்பா?" என்றேன்.

"நல்லா கேக்கு மக்கா. இனி ஒங்கம்மா ஏசினா தப்பிக்க முடியாது," என்று என் உதட்டைப் பார்த்தபடி சிரித்தார்.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போவமாப்பா?" என்றேன்.

சிரிப்பு மாறாமல், என் கை இறங்குவதற்காக அவர் காத்திருந்தார்.