ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த மெத்தை

நனைந்த இலவம் பஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்து மறுநாள் திறந்தால் வருமே, ஏறக்குறைய அது. கூடக் கொஞ்சம் பழைய துணியும் ஈர மண்ணும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாசனையோடு ஏலக்காய் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வண்டன்மேட்டில் எங்கள் வீடு முழுக்க ஒரு வாரம் அந்த வாசனைதான் அடித்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. நெல்வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஏலக்காய் போட்டால் நிமிர்ந்துவிடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மலையேறியவர் அப்பா. அம்மா கொல்லங்கோட்டுக்காரி, வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவள். ஆனியில் மழை பிடித்துக்கொண்டால் ஐப்பசி வரைக்கும் துணி காயாத அந்த மேட்டை அவள் கடைசி வரை மன்னிக்கவே இல்லை. "இதெல்லாம் ஒரு ஊருங்களா, உப்பு ஜாடியில கூடத் தண்ணி நிக்குது" என்பாள். அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப்போகும், என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஊறவைத்த கடலை மாதிரி ஊதிப்போய்க் கிடக்கும்.

அந்த வீட்டில் மெத்தை என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது வந்ததற்குக் காரணம் நான்தான். மலையேறிய முதல் வருஷத்து மழையில் நான் பிறந்தேன். சாணம் மெழுகிய தரையில் பாய் விரித்து, பாய்மேல் கம்பளி விரித்து அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்களாம். தரையின் குளிர் பாயையும் கம்பளியையும் தாண்டி என் நெஞ்சில் ஏறிக்கொண்டது. பிறந்த எட்டாம் நாள் இழுப்பு கண்டு, நான் பிழைப்பேனா மாட்டேனா என்று தெரியாமல், என்னைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே பதினைந்து நாள் உட்கார்ந்திருந்தாள் அம்மா. அடுத்த கோடையில் கொல்லங்கோட்டுக்குப் போனவள், தன் அண்ணன் தோட்டத்து இலவ மரத்தடியில் உட்கார்ந்து காயுடைத்து, கொட்டை நீக்கி, தானே பஞ்சு சேர்த்து, கோடு போட்ட துணியில் மெத்தை தைக்கச் சொல்லி, அதை பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். வந்த மெத்தையில் என்னைப் படுக்க விட்டாளா என்றால் இல்லை. நான் அதற்குள் தேறிவிட்டேன், அத்தோடு இரவில் நான் பாயை நனைக்கிறவள் என்ற பெயரும் எடுத்திருந்தேன். மெத்தையைப் பழைய சேலையில் சுருட்டி "அட்டாலி"யில், அதாவது அடுக்களைக்கு மேலிருந்த பரணில், ஏற்றிவிட்டாள். என் அக்காவின் தலைப்பிரசவத்துக்கு என்று அது எட்டொன்பது வருஷம் அங்கே காத்துக் கிடந்தது.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள், பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும், காய் எடுப்பு தொடங்கிவிட்டதால் அம்மாவால் மலையை விட்டு இறங்க முடியாது என்று, அப்பாவே போய் அவளை அழைத்துவரக் கிளம்பினார். வருவதற்கு மூன்று நாளாகும் என்பது கணக்கு. இரண்டாம் நாள் காலையில், ஆவணி மழைக்கு நடுவே, யாருக்கோ வாக்குக் கொடுத்த மாதிரி வெயில் வந்தது. அம்மா துள்ளி எழுந்தாள். அட்டாலியிலிருந்து மெத்தையை இறக்கி, வீட்டுக்கு முன்னாலிருந்த பெரிய பாறையில் விரித்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எதிர் மேடு கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பயமில்லெ, அம்மிணி. மேடு மறைஞ்சுதுன்னா மழெ வந்துருச்சுன்னு அர்த்தம். உடனே கத்தோணும். நான் ஓடியாந்து சுருட்டிக்கறேன்" என்றாள். இதைவிடச் சுலபமான வேலையை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. நானும் கண்கொட்டாமல் எதிர் மேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேட்டின் தலையில் வெள்ளையாக ஏதோ இறங்கத் தொடங்கிய நேரத்தில், கீழ் வளைவிலிருந்து ஜீப்பின் "ஆரன்" கேட்டது. முதலில் நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக இரண்டு. அந்த வளைவுக்கு ஜீப் வந்தால் அது எங்கள் வீட்டுக்குத்தான்.

ஒரு நாள் முன்னதாகவே அக்கா வந்துவிட்டாள்! நான் மெத்தையையும் மறந்தேன், மேட்டையும் மறந்தேன். குறுக்கு வழியில், அட்டை கடிப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் சரிந்து இறங்கி, ஜீப்பை வளைவிலேயே மறித்து ஏறிக்கொண்டேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் மழை கொட்டியது. பாதை வழுக்கும் என்று, மழை விடும் வரை ஜீப்பின் படுதாவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது உதைத்தது. எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

மழை விட்டு மேலே ஏறிப்போனபோது, பாறை மேல் அம்மா நின்றிருந்தாள். பின்கட்டு அடுக்களையில் இருந்தவள், நான் கத்துவேன் என்று நம்பியிருந்து, தகரக் கூரையில் மழை விழுந்த பிறகுதான் ஓடிவந்திருக்கிறாள். சேற்றில் படுத்துவிட்ட எருமையைக் கயிற்றைப் பிடித்து இழுப்பவள் மாதிரி, மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"ஆரு பார்த்துட்டு இருந்தா இதெ?" என்று கேட்டார் அப்பா.

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். "நாந்தானுங்க. அடுப்படி வேலையில இருந்துட்டேன். மழெ வந்ததே தெரியலீங்க."

"புள்ளெ வர்ற நேரத்துல கூட இத்தனெ அசமந்தமா?"

அப்பா அதிர்ந்து பேசாத மனிதர். அக்காவின் முன்னால், ஜீப் டிரைவரின் முன்னால், அவர் அம்மாவை அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. "நான்தான் விட்டுட்டுப் போனேன்" என்று சொல்ல வாயெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

நாலு பேர் சேர்ந்துதான் மெத்தையைத் தூக்க முடிந்தது. சுவரில் சாய்த்து நிறுத்தினோம். அடியிலிருந்து தண்ணீர் ஓடையாக ஓடியது. அம்மா பிளேடை எடுத்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒரு பக்கத் தையலை முழுக்கப் பிரித்தாள். "இலவம் பஞ்சு தண்ணி குடிக்காது, துணிதான் குடிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளே கைவிட்டு அள்ளினாள். அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நடுவில் இருந்த பஞ்சு உலர்ந்தேதான் இருந்தது. ஓரங்களில் இருந்தது மட்டும் கட்டி கட்டியாக, பிழியவும் முடியாமல், பிரிக்கவும் முடியாமல் கையில் வந்தது. பிழிந்தால் பஞ்சு செத்துப்போகும், அப்புறம் எழும்பாது. துணியை அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போட்டாள். பஞ்சை எங்கே போடுவது? அடுப்படியில் போட்டால் புகை ஏறும், வெளியில் போட்டால் மழை, மழையில்லாத நேரத்தில் காற்று.

அப்பாவுக்குக் கோபம் ஆறியிருந்தது. "நாளைக்கு ஜீப்புல கம்பத்துக்குக் குடுத்து உட்டர்லாம். அங்க வெயிலு சுள்ளுனு அடிக்குது" என்றார். எங்கள் மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் காய்வது தெரியும், இங்கே நாம் குடைக்குள் நின்றுகொண்டிருப்போம்.

"மெத்தெ கம்பத்துக்குப் போய்ட்டு வரதுக்குள்ள பேரப்புள்ளெ நடந்துருமுங்க" என்றாள் அம்மா.

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, மறுநாள் ரோட்டில் மண் சரிந்து ஜீப்பே வரவில்லை. அதற்கு மறுநாள் பஞ்சு வாசனை காட்டத் தொடங்கியது. இன்னும் இரண்டு நாள் போனால் பூஞ்சணம் பிடிக்கும், தூக்கி எறிய வேண்டியதுதான். அக்காவுக்கு இடுப்பு வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவள் பாயில் ஒருக்களித்துப் படுக்கும்போதெல்லாம் அம்மா தரையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொள்வாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் மூச்சிழுத்துக் கிடந்த கதையை அந்த வீட்டில் கேட்காதவர்கள் இல்லை.

அந்த மேட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் தோட்டத்து ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர். வெளியே அடுப்பெரித்தால், அறைக்குள் ஓடும் தகரக் குழாய்கள் சூடேறி, கம்பி வலைத் தட்டுகளில் பரப்பிய பச்சைக் காயை ஒரு பகலும் ஓர் இரவுமாக உலர்த்திக் கொடுக்கும். அதன் பொறுப்பு மாரியப்பன் அண்ணனுடையது. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர், காயின் பச்சை நிறத்தைத் தன் சொந்தப் பிள்ளையின் நிறம் மாதிரி காப்பவர். அம்மா போய்க் கேட்டாள்.

"அது ஆகாது தாயி. முதப் பறிப்புக் காயி உள்ள கெடக்கு. ஈரத்தக் கொண்டுபோயி வச்சீகன்னா பச்சை போயிரும். பெறகு முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார் அவர்.

அம்மா சரி என்று திரும்பிவிட்டாள். மத்தியானம் அப்பா சரிந்த ரோட்டைப் பார்க்கப் போனார். மாரியப்பன் அண்ணன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் சாப்பிடப் போனார். அம்மா என்னைப் பார்த்து "வா" என்றாள். அவ்வளவுதான். ஈரப் பஞ்சைச் சாக்குகளில் அள்ளிக்கொண்டுபோய், ஸ்டோரில் காலியாக இருந்த மேல் தட்டுகளில் உதிர்த்துப் பரப்பி, மேலே பழைய நூல்சேலை ஒன்றை இழுத்துப் போர்த்தினோம். "நாலு மூலையும் இறுக்கிக் கட்டோணும் கண்ணு, பஞ்சு பறந்துரும்" என்றாள். மூன்று மூலைகளை அவள் கட்டினாள். நாலாவது மூலையை நான் கட்டினேன்.

பஞ்சு காயட்டும் என்று நாங்கள் உள்ளேயே காத்திருந்தபோது, சாப்பிட்டு வந்த மாரியப்பன் அண்ணன் கதவைத் திறந்தார். வெளியே காத்திருந்த காற்று உள்ளே பாய்ந்தது. என் மூலை அவிழ்ந்துகொண்டது. சேலை எழும்பியது, அதன் பின்னாலேயே அதற்குள் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்த பஞ்சு எழும்பி, அறை முழுக்கச் சுற்றி, நிதானமாக, ஒரு தட்டு விடாமல் காயின் மேல் இறங்கியது.

"ஐயையோ தாயி! காயெல்லாம் நரைச்சுப் போச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் அவர்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். கதவருகே நின்று உள்ளே பார்த்தார். முதல் பறிப்புக் காய், ஒரு வருஷத்து உழைப்பின் முதல் பலன், அது தாடி முளைத்துக் கிடக்கிறது. அம்மா தலைநிறையப் பஞ்சோடு நின்றாள், குனியவில்லை. நான் அவள் சேலைக்குப் பின்னால் இருந்தேன். அப்பா ஒரு காயை எடுத்து ஊதிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பஞ்சு காஞ்சுதா?"

"காஞ்சுதுங்க."

"அப்பறமென்ன, அள்ளுங்க."

அந்த இரண்டு சொல்லுக்காகவே எனக்கு அப்பாவைப் பிடிக்கும். மூன்று நாள் வீட்டிலிருந்த எல்லோரும் காயைக் கம்பி வலையில் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சைப் போக்கினோம். போகாததைக் கையால் பொறுக்கினோம். வயிற்றைத் தாங்கி உட்கார்ந்துகொண்டு அக்காவும் பொறுக்கினாள். காயின் பச்சை ஒரு சாயல் குறைந்துதான் போயிருந்தது. "லேல"த்தில், அதாவது ஏலச் சந்தையில், அதை ஒதுக்கி வைத்தார்கள் என்று அப்பா வந்து சொன்னதோடு சரி, மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிரித்த தையலை அம்மா பெரிய பெரிய தையலாகப் போட்டு மூட, அது நனைந்த பன்னிரண்டாம் நாள் என் அக்கா மகள் அந்த மெத்தைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்குச் சளி இல்லை, இழுப்பு இல்லை. குளிப்பாட்டித் துடைத்த பிறகும் அவள் மேல் ஏலக்காய் மணக்கும். மாரியப்பன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நெறம் போகாம இருக்கா, இது நல்ல காயி" என்றார்.

தோட்டத்தை விற்றுக் கீழே இறங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது அங்கே காய் உலர்த்த இரும்புப் பெட்டி மாதிரி மெஷின் இருக்கிறதாம், அதற்குள் மெத்தை நுழையாது. அந்த மெத்தை பொள்ளாச்சிக்குப் போய், பஞ்செல்லாம் தூளாகிப் பெருக்கித் தள்ளப்பட்டது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பாறையில் யார் காவல் இருந்தார்கள் என்பதை அப்பா இருந்தவரை அவரிடம் நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, அம்மாவுக்கு அதற்காக ஒரு வார்த்தை நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சென்ற சித்திரையில் அக்கா நல்லேப்பிள்ளிக்கு வந்து என்னோடு தங்கியிருந்தாள். கூட வந்திருந்த அவளுடைய கொள்ளுப்பேத்தி ராத்திரி மெத்தையை நனைத்துவிட, காலையில் அதை மொட்டை மாடியில் போட்டேன். ஸ்பாஞ்சு மெத்தை, சித்திரை வெயில், வானத்தில் கடுகளவு மேகம் இல்லை. நான் குடை பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் எப்போதும் அப்படித்தான், வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்த அக்கா, "ஏன் அம்மிணி, இதெ ஆரு தூக்கீட்டுப் போகப் போறாங்க?" என்றாள்.

அன்றுதான் சொன்னேன். ஐம்பது வருஷத்துப் பேச்சு, பாறை, எதிர் மேடு, ஆரன் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வளைவுல ஆரன் அடிக்கச் சொன்னதே நாந்தான். டிரைவரு வேண்டாம்னாரு. நீ ஓடியாரோணும், உன்னெய மொதல்ல பார்க்கோணும்னு நாந்தான் அடிக்க வெச்சேன். அம்மா பேச்சு வாங்குனப்ப சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலெ" என்றாள்.

நாங்கள் இரண்டு கிழவிகளும் ஒரே குடைக்குள் ஒண்டி உட்கார்ந்தோம். இதைக் கேட்க அம்மா இருந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால், "அதுக்கென்ன இப்பொ, பஞ்சு காஞ்சுது இல்லெ" என்றிருப்பாள்.

மெத்தை காய்ந்துவிட்டது. அக்கா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்தோம். நாலு பேர் தூக்கிய ஞாபகத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கனமே இல்லை.