பதினோராவது ரீலில் நான் சொன்ன பொய்

அடுத்தவன் பேச்சை ஊருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதே பிழைப்பு என்று ஆகிவிட்டால், சொந்தப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையில் பதினோரு வருஷம் நான் கதை சொன்னேன். அப்போது கன்னடப் படம் அத்தி பூத்தாற்போல் வரும். ஓடுவதெல்லாம் தமிழும் இந்தியும்தான். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேச்சு புரியாது. அதனால் திரைக்கு ஓரத்தில் ஒரு மரப்பெட்டி மேல் என்னை நிற்க வைத்து, கையில் ஒரு தகரக் குழலைக் கொடுத்திருந்தார் முதலாளி. திரையில் இருப்பவர்கள் பேசப் பேச நான் அதைக் கன்னடத்தில் கத்த வேண்டும். ‘கதெ மேஷ்ட்ரு’ என்று எனக்குப் பெயர், கதை வாத்தியார் என்று அர்த்தம்.

துபாஷிகளே, கோர்ட்டு குமாஸ்தாக்களே, இரண்டு வீட்டுக்கு நடுவே தூது போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, நீங்களெல்லாம் என் ஜாதி. உங்களிடம்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும். இதில் வரும் கன்னடப் பேச்சையெல்லாம் தமிழாக்கியிருப்பவன் நானே. இந்தத் தடவை நம்பலாம்.

மிச்சம் எங்கே?

எங்கள் கொட்டகையில் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் அடுத்ததை மாட்டும் வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு படுதா உண்டு. படம் ஓடும்போது இருட்டில் அது திறந்திருக்கும். விளக்கு வந்ததும் பெண்கள் பக்கத்து வாசலைப் பார்த்துக்கொண்ட லூர்தம்மா சரக்கென்று இழுத்து மூடிவிடுவாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கத்து முகம் ஒன்றைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. குரல்கள்தான் தெரியும். அந்தக் குரல்களிடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒரு தடவை கதாநாயகி ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒரு முழுப் பாட்டு அழுதாள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. “அவளுக்கு ரொம்ப வருத்தம்” என்று முடித்துக்கொண்டேன். விளக்கு வந்தது, படுதா மூடியது. அதற்குப் பின்னாலிருந்து மார்க்கெட்டில் மல்லிகை விற்கிற அம்மாளின் குரல் வந்தது: “மேஷ்ட்ரே, அந்தப் பொம்பளை அத்தனை நேரம் அழுதாளே, நீங்க ஒரு வார்த்தைதான் குடுத்தீங்க, மிச்சத்தை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

நடுவிலே வண்டிக்காரன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் அந்தத் தமிழ்ப் படம் வந்தது. ஒரு அக்காள், ஒரு தம்பி. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாயார் செத்துப்போகிறாள். அஸ்தியை இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோய் ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. ஒரே மாட்டுவண்டியில் ஏறிவிட்டார்கள், ஆனால் பேசுவதெல்லாம் வண்டிக்காரன் மூலமாக. “வண்டிக்காரா, அந்த அம்மாளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு” என்பான் தம்பி. “வண்டிக்காரா, அந்த ஐயாவை வேணும்னா நடந்து வரச் சொல்லு” என்பாள் அக்காள். இரண்டு பேருக்கும் நடுவே அஸ்திக் கலசம் குலுங்கிக்கொண்டு வரும்.

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் அந்த வண்டிக்காரனுக்கென்று ஒரு தனிக் குரல் வைத்துக்கொண்டேன். ஜட்கா வண்டி ஓட்டுகிறவர்கள் முதல் வரிசை பெஞ்சிலேயே குடியிருந்தார்கள். நாலு தடவை பார்த்த ஒருவர் என்னிடம் வந்து, தொழில் தெரிந்தவர் தோரணையில் சொன்னார்: “அந்த ரெண்டு பேரையும் வழியிலே இறக்கி விட்டுட்டு மாடு மட்டும் போயிருந்தா, கலசம் என்னிக்கோ ஊர் சேர்ந்திருக்கும், ஸ்வாமி.”

அழுகிறவள் அக்காள்

பதினோராவது ரீலில் ஒரு சத்திரம் வரும். அக்காளும் தம்பியும் படியில் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு முதல் தடவையாக நேராகப் பேசுவான். “அக்கா, தப்பு என்னோடதுதான். என்னைத் தூக்கி வளர்த்த உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடு.” அக்காள் அழுதுகொண்டே அவன் தலையைத் தடவுவாள்.

முதல் நாள் மதிய ஆட்டத்தில் அந்த இடம் வந்தது. குழலை வாயில் வைத்தேன். எனக்கும் கொள்ளேகாலில் ஒரு அக்காள் இருக்கிறாள், பழனியம்மாள். தாயில்லாத என்னை இடுப்பில் சுமந்தே வளர்த்தவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தந்தி வந்தபோது நான் இதே பெட்டிமேல் நின்றுகொண்டிருந்தேன். பாதியில் இறங்கினால் ஜனங்கள் கத்துவார்கள் என்று அந்த ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “உனக்கு அப்பனைவிடப் படம் பெருசாப் போச்சு” என்றாள் அக்காள். எனக்குச் சுருக்கென்றது. “என்னைக் கேக்க நீ யாரு? பெத்தவளா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு வந்தேன். அதோடு சரி.

திரையில் தம்பி மன்னிப்புக் கேட்கிறான். என் வாய் என்ன செய்தது தெரியுமா? “அக்கா, தப்பு உன்னோடதுதான். போகட்டும், நீ அழாதே, நான் மனசில் வெச்சுக்கலை” என்று கன்னடத்தில் சொன்னது. அவள் அழுதுகொண்டிருந்ததால் அதுவும் பொருந்திப்போய்விட்டது! “எவ்வளவு தங்கமான தம்பி!” என்று பெஞ்சுகளில் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அது இனித்தது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே சொன்னேன், மறுநாளும் சொன்னேன். மெஷின் ஓட்டுகிற ஆரோக்கியத்துக்குத் தமிழ்தான் வீட்டுப் பேச்சு. மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டான்: “டேய், அந்தப் பையன் ஒழுங்கா மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான், உனக்கு எங்கேடா வலிக்குது?”

இரண்டு பாஷைக்காரர்

இரண்டாவது வாரம் மச்சானிடமிருந்து மஞ்சள் தடவிய கடிதம் வந்தது. அக்காள் மகள் சரசுவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டித்தான் பெண்ணை மணவறைக்கு அனுப்புவார்கள். தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பது நான் ஒருவன். நான் போகாவிட்டால் சித்தப்பா மகன் எவனாவது என் இடத்தில் நிற்பான். ஊரே பார்க்கும், சரசு தலைகுனிந்து நிற்பாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்காள் கைப்பட ஒரு எழுத்து இல்லை. அவள் வாயால் கூப்பிட்டால்தான் போவேன் என்று முறுக்கிக்கொண்டேன். போக வேண்டும் என்று உள்ளே அடித்துக்கொண்டது வேறு விஷயம். அந்தக் குழந்தைக்கு முதல் மொட்டை என் மடியில்தான் போட்டார்கள்.

அந்த வாரம் கொள்ளேகால் பட்டு வியாபாரி ஒருவர் படத்துக்கு வந்திருந்தார். அப்போது கொள்ளேகால் மைசூர் சமஸ்தானத்தில் இல்லை, கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆனால் அங்கே பிறந்த குழந்தைகூட இரண்டு பாஷையும் பேசும். ஆட்டம் முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்தார். “நீங்க பழனியம்மாளோட தம்பிதானுங்க? நான் அவிய வீதிதான்” என்றார். பதினோராவது ரீலைப் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: “எங்கூர்ல அல்லாருக்கும் ரெண்டு பாஷையும் தெரியுமுங்க, உங்களுக்குத்தான் ரெண்டுலயும் கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதுங்க.”

படுதாவுக்கு அந்தப் பக்கம்

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. மதிய ஆட்டம். பதினோராவது ரீலில் வழக்கமான பொய்யைச் சொல்லி முடித்தேன். விளக்கு வந்தது, படுதா மூடியது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல், தமிழில்: “ஏனுங்க லூர்தம்மா, அந்தக் கதை சொல்றவரைக் கேளுங்க. அந்தப் பையன் சொன்னது ஒண்ணு, இவரு சொல்றது ஒண்ணா இருக்குதே, அது ஏன்னு கேளுங்க.”

ஐந்து வருஷம் ஆனால் என்ன, ஐம்பது ஆனால் என்ன! என் அக்காள் குரல் எனக்குத் தெரியாதா? லூர்தம்மா சும்மா இருக்கவில்லை. கேள்வியைக் கன்னடத்தில் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி போட்டுடைத்தாள். “லூர்தம்மா, அந்த அம்மாவைக் கல்யாண வேலையைப் பார்க்கச் சொல்லு” என்றேன். “தேங்காயும் வெத்தலையும் வாங்கத்தான் மார்க்கெட்டுக்கு வந்தேன்னு சொல்லுங்க. இங்க ஒருத்தரு என்னைத் தினம் ரெண்டு ஆட்டம் மன்னிக்கிறாருன்னு கேள்விப்பட்டேன், பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லுங்க” என்று பதில் வந்தது. அவ்வளவுதான், ஜட்காக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். “மேஷ்ட்ரு ஏமாத்திட்டாரு! ரீலைத் திருப்பிப் போடு!” என்று ஒரே கூச்சல். மேலே ஆரோக்கியம் அதற்காகவே காத்திருந்தவன்போல் திருப்பிச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

மறுபடி இருட்டு, மறுபடி சத்திரம். தம்பி தலையைக் குனிந்தான். நான் குழலை எடுத்தேன். “அக்கா, தப்பு என்னோடதுதான்” என்று கன்னடத்தில் சொன்னேன். “என்னைத் தூக்கி வளர்த்த உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடு” என்றேன். அவன் பேச்சு அங்கே முடிந்துவிட்டது. என் பேச்சு நிற்கவில்லை. பாஷையும் தமிழுக்கு மாறிவிட்டது. “பழனியக்கா, அன்னிக்கே பாதியில் இறங்கி ஓடி வந்திருக்கணும். அப்பா முகத்தைப் பாக்கலை. அந்தக் கோவத்தை உன் மேலே காட்டிட்டேன். நீதான் என்னைப் பெத்தவ” என்று குழலுக்குள்ளேயே அழுதுவிட்டேன். திரையில் வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கதை சொல்ல ஆளில்லை. இருட்டில் பெண்கள் பக்கத்திலிருந்து, ஐந்து வருஷம் கழித்து எனக்கென்று நேராக ஒரு வார்த்தை வந்தது: “செரி, மூக்கைச் சிந்திப்போட்டுக் கன்னடத்துல சொல்லு கண்ணு, அவியளுக்குப் படம் புரிய வேண்டாமா?”

கரி பஸ்ஸில்

வியாழக்கிழமை சரசுவின் நெற்றியில் பட்டம் கட்டினேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின பயணத்தை. படத்துக்கு வந்த மறுநாள் காலையில் அக்காளும் நானும் கொள்ளேகால் பஸ் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். ஐந்து வருஷம் பேசாத அக்காள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். இளைத்துப் போனாய், சட்டையைப் பார், இந்த வயசில் இன்னும் கல்யாணம் இல்லையா என்று ஒன்று விடவில்லை. தேங்காய் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நரசீபுரத்தில் அடுப்பைக் கிளற பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தாள். எனக்கு ஒரு உருண்டை கொடுத்துவிட்டு, தன் பங்கைத் தொடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அப்பன் கடைசியா கண்ணு முழிச்சு உன்னையத்தான் கேட்டாரு. தந்தி குடுத்திருக்குது, வந்துருவான்னு சொன்னேன். ‘ஆட்டத்தை முடிச்சுப்போட்டு வரட்டும், ஜனங்க பாதியில விட்டா கோவிச்சுக்குவாங்க’ன்னாரு. சொல்லிப்போட்டுச் சிரிச்சாரு.” கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தேன். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தத் தந்தியை நினைக்காமல் பெட்டிமேல் ஏறினதில்லை. அவள் என் முதுகில் கை வைத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். “கோவத்துல இத்தனை நாளா இதை உன்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தது என்னோட தப்புத்தான் கண்ணு, ஆனா இதை உன்ற குழல்ல ஊருக்கெல்லாம் சொல்லிப்போடாதே.”

சொல்லமாட்டேன் என்று அன்றைக்குத் தலையை நன்றாக ஆட்டிவிட்டு இன்றைக்கு அச்சிலேயே ஏற்றிவிட்டேன். பதினோரு வருஷம் அடுத்தவர் பேச்சை ஊருக்குச் சொல்லிப் பிழைத்தவனிடம் போய் ரகசியம் சொன்னதும் அக்காளுடைய தப்புத்தான்.