மூக்கு டிபார்ட்மெண்ட் ஐரின்

வெள்ளைக் கைக்குட்டையை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து, வரிசையாக நின்ற நான்கு அலுமினியக் குழல்களின் வாயையும் ஐரின் துடைத்தெடுத்தார். பிறகு அந்த விரலைக் காரின் சொந்தக்காரனுடைய மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன, சொல்லு பாப்போம்?"

"டஸ்ட் ஆன்ட்டி."

"டஸ்ட் இல்ல கண்ணா, ஓசூர் ரோடு. பாதி ரோடு உன் இன்ஜினுக்குள்ள கெடக்கு. கான்ட்ராக்டர் அங்க ரோட்டக் காணோம்னு தேடிட்டிருக்கான்."

ஓசூர் சாலையில் மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த 2007ஆம் வருடம் அது. ஊரே இருமிக்கொண்டிருந்தது. அடுகோடியில் எட்டடி அகலக் கடை ஒன்றில் ஐரின் மட்டும் மலர்ந்த முகத்துடன் உட்கார்ந்திருந்தார். அவர் விற்பது காற்று வடிகட்டிகள் மட்டும். பிளக் கேட்டால் கிடையாது. பெல்ட் கேட்டால் அடுத்த கடை. ஆயில் கேட்டால் முறைப்பு. "மூக்கு மட்டுந்தான் நம்ம டிபார்ட்மெண்ட்" என்பார். என்னுடைய பழைய ஃபியட்டுக்கு ஒன்று வாங்கத்தான் முதலில் போனேன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "இது இன்னும் மூச்சு விடுதா சார்?" என்று உண்மையான அக்கறையுடன் விசாரித்தார்.

ஐரினுக்குப் பதினெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. வருகிற சரக்கைப் பிரித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபோது வயது நாற்பத்தி நான்கு. வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை எதையும் விற்காமல் திருப்பி அனுப்பினார். அதனாலேயே மீதிப் பாதி அவரை நம்பியது.

சாதாரணக் கார் ஒரே மூக்கால் மூச்சு விடும். பந்தயப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலிண்டருக்கு ஒன்று என்று தனித்தனிக் குழல் வைத்து, ஒவ்வொன்றின் வாயையும் ஊதுகொம்பு போல விரித்துவிடுவார்கள். ட்ரம்பெட் என்று அதற்குப் பெயர். பார்க்க அழகு. ஆக்சிலேட்டரை மிதித்தால் வருகிற உறுமலில் பையன்களுக்குக் கண் கலங்கும். ஆனால் நான்கு வாயும் திறந்த வாய். ஈ, மண், மேம்பாலம், எல்லாம் உள்ளே போகும். அந்த வாய்களுக்கு எதை மாட்டுவது என்று தேர்ந்து சொல்வதில் ஐரினுக்கு நிகராக ஊரில் யாரும் இல்லை என்பது பொதுவான அபிப்பிராயம். ஐரினின் அபிப்பிராயமும் அதுதான்.

இன்ஜின் எத்தனை சிசி என்று கேட்க மாட்டார். "எந்த ரோட்டுல ஓட்டுவ?" என்பதுதான் முதல் கேள்வி. கம்பிச் சல்லடை போதும் என்பவனிடம், "கல்லத் தடுக்கும். மண்ணுக்குச் சலாம் போட்டு உள்ள விடும்" என்பார். குழலுக்குக் குழல் மாட்டுகிற நுரைப்பஞ்சு உறையை அவர் சாக்ஸ் என்றுதான் சொல்வார். அதைக் குழலின் வாயோடு ஒட்டி இழுத்து மாட்டினால் கோபம் வந்துவிடும். "வாய்க்கும் பஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் விடணும் மேன். மூஞ்சில தலகாணிய வெச்சு அமுக்கினா நீ மூச்சு விடுவியா?" நான்கு குழலுக்கும் சேர்த்து ஒரே பெட்டி செய்து, அதன் முகத்தில் பெரிய வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதுதான் அவருக்குப் பிடித்த வைத்தியம். அழகும் போய்ச் சத்தமும் போய்விடும் என்பதால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அன்று விரலுக்கு எதிரே நின்றவன் ஹரிஷ்குமார். தர்மபுரிப் பையன். ஈஜிபுராவில் வாடகை வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பகலெல்லாம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பாவத்தைக் கழுவவோ என்னவோ, பழைய மாருதி ஜென் ஒன்றை வாங்கி, பைக்கிலிருந்து கழற்றிய நான்கு கார்புரேட்டர்களை அதில் மாட்டி வைத்திருந்தான். மாட்டிக் கொடுத்தவர் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்த டென்சில். அதிகம் பேசாத மனிதர். ஒரு நட்டை முடுக்கிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பவர். அவரும் ஐரினும் ஒரே கோயிலில் ஒரே பாடகர் குழு. இருவருக்கும் சேர்த்து ஒரே பாட்டுப் புத்தகம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இருபது வருடமாகப் பாடுகிறார்கள்.

அத்திபெலே தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில் கால் மைல் பந்தயம். நான்கே நாள் இருந்தது.

"பெட்டி போட்டுக்கோ" என்றார் ஐரின்.

"பானெட் மூடாது ஆன்ட்டி. சவுண்டும் போயிரும்."

"சவுண்டுதான் வேணும்னா மேளக்காரங்களப் பின் சீட்ல உக்கார வெச்சுக்கோ."

பேரம் சாக்ஸில் வந்து முடிந்தது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டிய நல்ல பஞ்சு வரவில்லை. சரக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தைதானே. ஆனால் பந்தயக்காரர்கள் அத்தனை பேரும் கூடுகிற இடத்தில் தன் கைவேலை நான்கு குழல்களின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஒரு வியாபாரி கொடுத்திருந்த உள்ளூர்ப் பஞ்சுச் சுருள் கடையில் கிடந்தது. எந்தப் பஞ்சையும் ஒருநாள் பெட்ரோலில் ஊறவைத்துப் பார்க்காமல் அவர் விற்றதில்லை. இதை ஊறவைக்கவில்லை. வெட்டினார், தைத்தார், இரண்டு விரல் இடம் விட்டார். பார்த்தவர்கள் கைக்குழந்தைத் தொப்பி போல இருக்கிறது என்று மெச்சினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பங்குச் சாமியாரிடம் இருவரும் தனித்தனியே வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடுதளத்துக்குப் போனார்கள். டென்சில் புறப்படும் கோட்டில் நின்றார். டயர் புகை ஆகாது என்று ஐரின் கடைசிக் கோட்டுப் பக்கம் குடை பிடித்து நின்றார். ஹரிஷின் முதல் ஓட்டம் பிரமாதம். இரண்டாவது ஓட்டத்தில் கார் கோட்டைத் தாண்டியது. தாண்டிய பிறகும் உறுமல் குறையவில்லை. ஹரிஷ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான், கார் எடுக்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓடுதளம் முடிந்து, கம்பி வேலியைச் சாய்த்துக்கொண்டு, புதருக்குள் புகுந்தான். உள்ளே ஏதோ உடைகிற சத்தத்தோடு இன்ஜின் நின்றது.

முதலில் போய்ச் சேர்ந்தவர் ஐரின். பையனைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். "நல்லாருக்கேன் ஆன்ட்டி" என்று சிரித்தான். ஐரின் பானெட்டைத் திறந்தார். மூன்றாவது குழலில் சாக்ஸ் இல்லை. குழலுக்குள் விரலை விட்டார். பிசுபிசுவென்று கூழாகிப்போன பஞ்சு கையோடு வந்தது. வந்ததும் உள்ளே அதுவரை திறந்தே சிக்கியிருந்த மூடி 'டக்' என்று மூடிக்கொண்டது. கார்புரேட்டர் துப்பிய பெட்ரோலில் பஞ்சு இளகி, உள்ளே இழுபட்டு, ஆக்சிலேட்டரைப் பிடித்து வைத்துவிட்டது.

மற்றவர்கள் ஓடி வருவதற்குள் மிச்ச மூன்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

மூச்சிரைக்க வந்த டென்சில் ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். முனையில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தது. "கேபிள் மாட்டிக்கிச்சு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார். கூட்டம் உடனே ஒப்புக்கொண்டது. சாயங்காலத்துக்குள் டென்சில் ஒரு பையனைக் கொல்லப் பார்த்தார் என்று பேச்சு. செவ்வாய்க்கிழமைக்குள் பட்டறையில் நின்ற இரண்டு கார்களை எடுத்துப் போய்விட்டார்கள்.

"அந்த மூணு நாளும் அவனப் பாத்து குட்மார்னிங் சொன்னேன் சார்" என்று ஐரின் என்னிடம் சொன்னார். தன்னைப் பற்றி அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

செவ்வாய் இரவு மிச்சப் பஞ்சில் ஒரு துண்டைக் கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு வைத்தார். காலையில் பாட்டிலில் கேழ்வரகுக் கூழ். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். ஹரிஷும் இரண்டு நண்பர்களும் அங்கே இருந்தார்கள். டென்சில் இன்ஜினைப் பிரித்து, வளைந்த வால்வுகளைத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"கேபிள் சரியாத்தான் இருந்துச்சு" என்று பாட்டிலை அந்த வரிசையின் பக்கத்தில் வைத்தார் ஐரின். "என் சாக்ஸ்தான் கரைஞ்சு உள்ள போயிடுச்சு. நாந்தான் உருவி எடுத்தேன். எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்."

ஹரிஷ் பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, ஊருக்கெல்லாம் ரெண்டு விரல் ரெண்டு விரல்னு கிளாஸ் எடுத்தீங்களே. நான் செத்திருப்பேன்."

"ஆமா. செத்திருப்ப."

டென்சில் எழுந்தார்.

"மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல ஐரின். கண்ண மூடுனா அந்தப் பையன் வேலியில போய் முட்டுறான். என் பொண்டாட்டிகிட்ட பட்டறைய மூடிடலாம்னு சொல்லிட்டேன். நீ தெனம் இந்தப் பக்கமாத்தான போன?"

"போனேன்."

"போ இப்பவும்."

போனார். போய்ச் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே கடைக்கு வந்த ஒவ்வொருவனிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "ஜென்னக் கெடுத்தது நான். டென்சில் இல்ல" என்று சொன்னார். சிலர் வடிகட்டி வாங்காமலே நழுவினார்கள். நழுவியவர்களையும் வாசல் வரை வந்து முழுக்கதையும் கேட்க வைத்தார். உள்ளூர்ப் பஞ்சுச் சுருளைக் கத்தரித்துச் சாக்கடையில் போட்டார். அதற்காகப் பக்கத்துக் கடைக்காரரிடம் வாங்கிய வசவு தனிக்கதை.

பிறகு பெட்டி. குழல்களின் அளவை அட்டையில் வெட்டி, தகரப் பட்டறைக்காரரைப் படாத பாடு படுத்தி, நான்கு ஓட்டைப் பலகையும் பெரிய வடிகட்டியுமாக ஒரு பெட்டியைச் செய்து டென்சில் பட்டறை வாசலில் வைத்தார். மறுநாள் ஹரிஷ் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மூணாவது ஓட்டை ரெண்டு எம்எம் தள்ளியிருக்காம் ஆன்ட்டி."

"யாரு சொன்னா?"

"அவர்தான்."

"அவருக்கு வாயில்லையா? அப்பிடின்னு கேட்டதா சொல்லு."

சொன்னான். வாய் இருக்கிறது, விருப்பம் இல்லை என்று பதில் வந்தது. பெட்டி மூன்று முறை போய் மூன்று முறை திரும்பியது. நான்காவது முறை ஐரினே கொண்டுபோனார். ஆறடி இடைவெளியில் நின்றுகொண்டு, "பானெட்ட வெட்டணும்னு அவங்ககிட்ட சொல்லு" என்றார் டென்சில். "எவ்ளோ வெட்டணும்னு அவர்கிட்ட கேளு" என்றார் ஐரின். நடுவில் நின்ற ஹரிஷ், கம்பெனியில்கூட இவ்வளவு மீட்டிங் கிடையாது என்று என்னிடம் புலம்பினான். ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் அதே பாட்டுப் புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம். முகம் மட்டும் வெவ்வேறு திசை. சமாதானத்தைப் பற்றிய பாட்டு வந்தபோது இருவருமே சத்தமாகப் பாடினார்கள் என்றும், அது கொஞ்சம் போட்டி போலவே இருந்தது என்றும் பாடகர் குழுத் தலைவி டோரீன் சொன்னார்.

ஏழு வாரம் கழித்து அதே ஓடுதளம். அன்று ஜென் நான்காவதாக வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுமல் போய்விட்டது. மிக்ஸியில் சட்னி அரைப்பது போன்ற சத்தம். பையன்கள் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில், திறந்த ட்ரம்பெட்டோடு வந்திருந்த ஒருவனை மூன்றாவது ஓட்டத்தில் தோற்கடித்தது ஜென் அல்ல, அத்திபெலே மண்.

ஆனால் முதல் ஓட்டத்துக்குச் சற்று முன், புறப்படும் கோட்டில் ஜென் இருமியது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை. ஐரின் இந்த முறை டயர் புகையைப் பொருட்படுத்தாமல் இந்த முனையிலேயே நின்றிருந்தார். அவர் முதல் ஆளாகக் காரிடம் ஓடியதைப் பார்த்தேன். ஹரிஷ் இன்ஜினை அணைத்தான். பானெட்டைத் திறந்தார்கள். "பெட்டிதான், வேறென்ன" என்று யாரோ ஒருவன் சொன்னான்.

டென்சில் பெட்டியைத் தொடவில்லை. அதன் அடியில் தலையைச் சாய்த்துக் கையை விட்டுத் தடவினார். அந்த இடம் இருட்டு. ஒரு கை பின்னால் நீண்டு, கருவிப் பெட்டியின் மேல் கிடந்த டார்ச்சை எடுத்து, திரும்பிப் பாராமலே ஐரின் பக்கம் நீட்டியது.

"இங்க அடி. ஓஸ் கிளிப் நழுவிருக்கு போல."

ஐரின் குடையைத் தரையில் போட்டுவிட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டார்.

"மேல."

உயர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம். இந்தப் பக்கம்."

சுடுகிற ரேடியேட்டர் மேல் வயிறு படாமல் எக்கி, நுனிக்காலில் நின்று, ஊரில் யாரையும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிடாத அந்தப் பெண்மணி, வாயே திறக்காமல், வெளிச்சத்தை அவர் சொன்ன இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.