டோக்கன் ஜெயராணி

டாக்டர் உத்திராபதியின் ஆஸ்பத்திரிக்கு யார் போன் போட்டாலும் எடுப்பது ஜெயராணிதான். அவள் தூங்கும்போதும் எடுப்பாள், மாதா கோயிலில் பூசை பார்க்கும்போதும் எடுப்பாள். திருப்பாதிரிப்புலியூரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். மீன் கடையில் வாயைத் திறந்தால் போதும், "டோக்கன் பொண்ணுதானே நீ?" என்று கேட்டுவிடுவார்கள். அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் இருந்த எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவள் படித்தது நர்சிங். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஊர். அம்மா சவரியம்மாள் சத்துணவுக் கூடத்தில் சமைத்து அவளைப் படிக்கவைத்தாள். 2007-இல் வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கித் தன் பீரோவில் பூட்டிக்கொண்டார். அங்கே எல்லா நர்சுக்கும் அப்படித்தான். கொஞ்ச நாள் வார்டில் இருந்தாள். பிறகு, அவள் பேச்சு கேட்க இதமாக இருக்கிறது என்று சொல்லிப் போன் ரூமில் உட்காரவைத்துவிட்டார். ஊசி போடப் படித்தவள் நாள் முழுக்க, "டாக்டர் சாயங்காலம் வருவாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டூட்டி நேரத்தில் சொந்தச் செல்போனை அணைத்து லாக்கரில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

இரண்டு வருஷம் கழித்து, சிதம்பரத்திலிருந்து திருநாவுக்கரசு என்ற இன்ஜினியர் வந்து ஆஸ்பத்திரி வெப்சைட்டையும் போனையும் ஒன்றாக இணைத்தார். இனி டோக்கனை இன்டர்நெட்டிலும் எடுக்கலாம், போனில் பட்டனை அழுத்தியும் எடுக்கலாம். இரண்டும் ஒரே வரிசையில் போய் உட்காரும். டோக்கனுக்கு ஒன்று, போன் ரூமில் ஆளிடம் பேச ஒன்பது. எதையும் அழுத்தாவிட்டால் மெஷின் மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிடும். எல்லாம் ஜெயராணியின் குரல்.

"மெஷின் வந்துட்டா என்னை வார்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா" என்று என்னிடம் சொன்னாள். பாவி மகளுக்கு அத்தனை சந்தோஷம்!

நடந்தது தலைகீழ். அவள் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து வைத்திருந்தார்கள். 'டாக்டர்' ஒரு துண்டு, பெயர் ஒரு துண்டு, 'நாளை', 'காலை' எல்லாம் தனித்தனி. கம்ப்யூட்டர் வேண்டியதை எடுத்துக் கோத்துச் சொல்லும். புது டாக்டர் வந்தால் அந்தப் பெயரையும் அவளே சொல்ல வேண்டும். பாதியில் வேறு குரல் வந்தால் கேட்கிறவர்கள் மிரண்டு போவார்களாம். சர்டிபிகேட்டைக் கேட்டபோது, "நீ போயிட்டா மொத்தத்தையும் மறுபடி பதியணும்மா. இரு, பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம். ஒருத்தர் பேசும்போது நடுவில் பட்டனை அழுத்துவது அவர் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. அதனால் மெஷினுக்கு மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பிறகு நேரில் வந்து, "வயித்து வலின்னு அவ்ளோ சொன்னேன், நன்றின்னு வச்சிட்டியே" என்று அவளிடம் சண்டை பிடித்தார்கள். நாங்கள் சிரித்தோம்.

லால்பேட்டை நைனா முகம்மது ஓமனுக்கு நர்சுகளை அனுப்புகிறவர். ஜெயராணி அவரிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். செலக்ட் ஆகிவிட்டால் தானே டாக்டரிடம் பேசி சர்டிபிகேட்டை வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். ஒரு நாள் ஓமன்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரம் லாட்ஜில் வந்து இறங்கினார்கள். ஜெயராணியின் செல் அணைந்து கிடந்ததால் நைனா முகம்மது சவரியம்மாளைக் கூப்பிட்டார்: "இப்போதைக்கு ஜெராக்ஸ் போதும்மா. பொண்ணு சாயங்காலத்துக்குள்ள நேர்ல வரணும். ராத்திரியே அவுங்க கெளம்பிடுறாங்க."

டூட்டி முடிந்து, செல்லைத் திறந்து, ஜெயராணி அம்மாவைக் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். சவரியம்மாளுக்கு ஊருக்கே கேட்கிற தொண்டை.

"ஏண்டி வரல? நைனா பாய் பார்த்துப் பார்த்துட்டு இப்பதான் போறாரு."

"எங்க வரணும்? யாரும் சொல்லலியேம்மா!"

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேனே, நீதானே எடுத்த! ஓமன்காரங்க வந்திருக்காங்க, ஓடியாடின்னு கத்துறேன். நீ ஒண்ணு, ஒன்பதுன்னு ஆபீஸ் பேச்சே பேசுற. டாக்டர் பக்கத்துல நிக்கிறாரு போலன்னு நெனச்சேன். கடைசில நன்றின்னு வச்சிட்ட. அவளுக்கு இஷ்டம் இல்ல போலருக்குன்னு பாய்கிட்ட சொல்லிட்டேன். ஓமன்காரங்க வேற பொண்ணை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்களாம்."

"அம்மா, அது நான் இல்லம்மா."

"பெத்த எனக்கு உன் குரல் தெரியாதா?"

ஜெயராணி லாக்கரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வந்த வாழ்வை அவள் குரலே வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டது.

பொங்கல் லீவு அறிவிப்பைப் பதிய திருநாவுக்கரசு வந்தபோது, அவர் நீட்டிய தாளை அவள் வாங்கவில்லை. மைக்கில் வெடுக்கென்று சொன்னாள்: "இது மெஷின். நான் இங்க இல்ல. நீங்க பேசுறது எனக்குக் கேக்காது. பட்டனை அழுத்துங்க." அதையே முதலில் போடச் சொன்னாள். டாக்டர் கோபத்தில் சர்டிபிகேட்டைத் தூக்கி எறிந்து வெளியே அனுப்புவார் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

ஜனங்கள் பட்டனை அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டருக்கு வாயெல்லாம் பல். "உன்னை மாதிரி யாரும்மா சொல்லுவா! சிதம்பரத்துல நான் தொறக்கப்போற கிளைக்கும் நீயே பேசிடு" என்றார். சர்டிபிகேட் பேச்சையே எடுக்கவில்லை.

போன மாதம், 2012 பிறந்த பிறகு, நான் சவரியம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். மகளிடம் பேசலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். 'நான் இங்க இல்ல' என்று மெஷின் பேசி முடிக்கும்வரை அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, போனைப் பிடுங்கி ஒன்பதை அழுத்திக் கொடுத்தேன்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது அதே குரல்.

சவரியம்மாள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ராணி, நீ அங்க இருக்கியா, இல்லியாடி?"

"இருக்கேம்மா. இங்கயேதான் இருக்கேன்."