மா லெட்சுமியின் முகக்கூடு

2006 நவம்பர், செவ்வாய், காலை. மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து யாங்கோன் ஊருக்குள் பதினைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஐந்து டாலர். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, ஓட்டுநரும் வண்டிக்குள் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறார். முந்தும்போது எதிரே வருவது அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்த என்னிடம், ஏதாவது வருகிறதா என்று சைகையால் கேட்டார். பஸ் வந்தது. கையை ஆட்டித் தடுத்தேன்.

நான் சென்னையில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளர். வந்த வேலையும் எட்டிப் பார்த்துச் சொல்வதுதான். இதுவரை சாதாரண எக்ஸ்ரேயை நம்பிய மருத்துவமனையில், சி.டி. ஸ்கேன் படத்தை வைத்துக் கட்டி எங்கே, நரம்பு எங்கே என்று பிரித்துக் கதிரைக் குறிவைக்க முடியுமா என்று சோதிக்க வேண்டும்.

முதல் நோயாளி மா லெட்சுமி; 'மா' என்பது பர்மாவில் பெண் பெயருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொல். அப்பா தமிழர், அம்மா பர்மியர்; யாங்கோன் புறநகரான ஷ்வேப்யிதாவில் தையல் ஆலை வேலை. மூக்குக்குப் பின்னால் புற்று, பார்வை நரம்பை உரசிக்கொண்டு.

"கண்ணு போச்சுன்னா ஊசி கோக்க முடியாது, ஸயாமா" என்றார். பெண் டாக்டர், டீச்சர் எல்லோரும் இங்கே ஸயாமாதான்.

அன்றே பிற்பகல், வெந்நீரில் நெகிழ்ந்த பிளாஸ்டிக் வலையைத் தலையோடு சேர்த்து முகத்தில் படியவைத்து முகக்கூடு செய்தோம். தலை அசையாமலிருக்க அதுதான் பூட்டு. அதோடு ஸ்கேன் எடுத்தோம். எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று புதன் முழுக்கக் கணக்குப் போட்டேன்.

வியாழன் காலை, கதிர் கொடுக்கும் நேரம். மொட்டைத் தலையில் சந்தனத்துக்குப் பதில் தனகா பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு மா லெட்சுமி வந்து நின்றார். இடுப்புவரை தொங்கிய முடி மாரியம்மனுக்குப் போய்விட்டது. அடர்ந்த முடியோடு வார்த்த கூட்டுக்குள் மொட்டைத் தலை, டப்பாவுக்குள் பாக்கு போல ஆடியது. தலை கொஞ்சம் நகர்ந்தாலும் கதிர் நரம்பில் விழும். அந்த ஆட்டத்துக்குள்தான் அவர் பார்வை இருந்தது.

"யாரைக் கேட்டு மழிச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஆத்தாளுக்குக் குடுக்க யாரைக் கேக்கணும்? வைத்தியம் தொடங்கறதுக்கு முந்தியே குடுக்கணுமில்ல?"

நம்மூர் வழக்கம்தான். கடல் தாண்டியதும் எனக்கு அது நினைவில் இல்லை.

வேறு வலை இல்லை. மறுநாள் பிற்பகல் என் விமானம். பழைய கூட்டையே வெந்நீரில் போட்டோம். வலையில் பதிந்திருந்த அவர் முகம் கரைந்து தட்டையானது. இரண்டாம் முறை இழுத்தால் கிழியலாம். மெல்ல மெல்ல இழுத்தோம். கிழியவில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு.

வெள்ளி காலை கூடு கச்சிதமாகப் பொருந்தியது. முதல் கதிர் விழுந்தது. முகமெல்லாம் வலைத்தடத்தோடு எழுந்து உட்கார்ந்தவர் கேட்டார்: "ஆறு வாரம்னீங்களே ஸயாமா. முடி வளருமே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வளர்ந்தால் கூடு சரியாக உட்காராது. "வாராவாரம் வெள்ளிக்கு முன்னாடி மழிச்சிடுங்க" என்றேன், முந்தின நாள் கத்திய அதே வாயால்.

அவர் சிரித்தார். "சரி. மொத முடி ஆத்தாளுக்கு. மிச்சமெல்லாம் ஒங்க மெஷினுக்கு."

திரும்பும் டாக்சியிலும் இடப்பக்கம் உட்கார்ந்து, ஓட்டுநர் கேட்கும் முன்பே சாலையை எட்டிப் பார்த்தேன். இதைச் சென்னையில் எழுதும்போது அங்கே அவருக்குச் சிகிச்சையின் நான்காவது வாரம். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை விடிந்தால், அவர் மழித்திருக்க வேண்டுமே என்று இங்கே வேண்டிக்கொள்கிறேன்.